படியடி பைக் லேகூ போன கதை

யாங்கோனில் இன்சீன், காலை ஐந்தரை மணி. லாரியின் பின்கதவு சாய்ந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கதவையே சாய்தளமாக்கி ஒரு மோட்டார் சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார் முருகேசன். கூடமாட உதவாமல் நான் லாரிக்கு அடியில் குனிந்து வெல்டிங் எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கரூர்க்காரன் புத்தி அப்படி. பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவனுக்கு, ஊர் சுற்ற வந்த இடத்திலும் கோபுரத்துக்கு முன்னால் வண்டியின் அடிப்பாகம்தான் கண்ணில் படும்.

யாங்கோனுக்கு வந்தது மனைவி வழியில் ஒரு கல்யாணத்துக்கு. மகளுக்குப் பரீட்சை என்பதால் மனைவி வரவில்லை, நான் மட்டும் மொய்க்கவரோடு வந்து இறங்கினேன். கல்யாணம் முடிந்து ஊர் சுற்ற ஒரு நாள் மிச்சமிருந்தது. முருகேசன் கல்யாணப் பெண்ணுக்குச் சித்தப்பா. லைங் தாயா தையல் ஆலைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டுகிறார். அந்த வண்டியை இங்கே ஃபெரி என்கிறார்கள். அவர் மனைவி சரஸ்வதியைத் தெருவில் எல்லோரும் மா சண்டா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இங்குள்ள தமிழர் பலருக்கும் வீட்டுக்கு ஒரு பெயர், வெளிக்கு ஒரு பர்மியப் பெயர்.

போன வருடம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் எங்கள் பட்டறைக்கு வந்தார். டாய் ஹாலர் என்று அமெரிக்காவில் ஒரு வண்டி இருக்கிறதாம். முன்பாதியில் படுக்கை, அடுப்பு. பின்பாதி வெறும் கொட்டகை. பைக்கோ படகோ, எது பிடிக்குமோ அதைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, போன இடத்தில் இறக்கி ஓட்டி, ராத்திரி அதே வண்டியில் தூங்கலாமாம். கட்டித் தருவீர்களா என்றார். "ஏனுங்க, பைக்கைச் சுமக்க ஒரு லாரியா? பைக்கையே ஓட்டிக்கிட்டுப் போனா ஆகாதுங்களா?" என்று கேட்டேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனவர்தான், திரும்பவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் இன்சீனில் கிடைத்தது. யாங்கோன் நகருக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது. விமான நிலையத்திலிருந்து டாக்ஸியில் வந்தபோதே சாலையில் ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. சிக்னலில் இடுக்கு இடுக்காக நுழைந்து முன்னால் போய் நிற்கும் ஆளே இல்லை. மறுநாள் லத்தாவில் நடைபாதைக் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தபிறகுதான் குறைவது என்ன என்று புரிந்தது. அவ்வளவு ஜனம், அவ்வளவு மூட்டை, ஒரு பைக் இல்லை. நகர எல்லையைத் தாண்டிவிட்டால் வீட்டுக்கு வீடு பைக்.

சரஸ்வதி பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், பாகோவையும் தாண்டி. பயறு மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு மழையில் மில்லுக்குப் போய் வந்த பெண். கல்யாணமாகி இன்சீன் வந்தபோது தன் பைக்கையும் லாரியில் போட்டுக் கொண்டுவந்தாராம். அன்றிலிருந்து அது மாடிப்படிக்குக் கீழே நின்றது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துணியை விலக்கி, ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டுவிட்டு அணைத்துவிடுவாராம். இப்போது வீட்டுச் சொந்தக்காரர் புகை தாங்கவில்லை, எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். ஓடாத வண்டியை வைத்துக் கும்பிடவா, ஓட்டுகிறவர்களிடம் போகட்டும் என்று சரஸ்வதியே ஆள் பிடித்துவிட்டார். நகர எல்லைக்கு வெளியே லேகூவில் பைக் பழுதுபார்க்கிற ஊ தீன் என்பவர். பெரியவர்களுக்கு இங்கே பெயருக்கு முன்னால் ஊ போடுகிறார்கள். இன்று கொண்டுவந்து ஒப்படைக்கிறேன் என்று வாக்கும் கொடுத்தாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான், அவர் இனி பைக்கே ஓட்டப் போவதில்லை என்பது முருகேசனுக்குச் சுருக்கென்று உறைத்திருக்கிறது. ஆலையில் கழித்துக் கட்டிய பழைய ஃபெரி லாரி ஒன்றை வாங்கி, மச்சான் பட்டறையில் போட்டு, வேலை முடிந்த நேரமெல்லாம் தட்டியிருக்கிறார். ஆட்கள் உட்கார்ந்த பெஞ்சுப் பலகைதான் கட்டில். பகலில் சுவரோடு மடித்துவிடலாம். ஒற்றை அடுப்பு, தண்ணீர் டிரம், பைக்கின் முன்சக்கரம் அசையாமல் உட்கார ஒரு தேக்குக் கட்டை, தரையில் நாலு கொக்கி, கொக்கிக்கொரு பட்டை. கதவில் வழுக்காமலிருக்கப் பழைய ரப்பர் பெல்ட். நான் குறை தேடித் தேடிச் சலித்துப்போனேன். கடைசியில் ஒன்று கிடைத்தது. கதவை உள்ளேயிருந்தும் இழுத்து மூட ஒரு கப்பியும் கயிறும் மாட்டியிருந்தார். சரக்கு வண்டிக் கதவை உள்ளேயிருந்து எவன் மூடுவான் என்று கேட்டேன்.

"சரக்கு வண்டின்னு யாரு சொன்னா? ராத்திரி தூங்குறப்ப மூடணும்ல, அண்ணே," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ தூங்குவாளா பாப்போம். குடுத்துட்டு வந்துரலாம்னுதான் நிக்கிறா," என்றார். அந்த மனிதர் முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஆறு மணிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினோம். இங்கே போக்குவரத்து வலப்பக்கம். ஆனால் பாதி வண்டிகள் ஜப்பானில் ஓடித் தேய்ந்து வந்தவை, ஸ்டீயரிங்கும் வலப்பக்கமே. ஓட்டுகிறவருக்கு முன்னால் போகும் வண்டியின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்தவர் எட்டிப் பார்த்துச் சொன்னால்தான் முந்த முடியும். அந்த வேலை சரஸ்வதிக்கு. கன்னத்தில் தனக்கா என்கிற மரப்பட்டைச் சாந்து பூசி, மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, "போலாம்", "வேணாம்" என்று இரண்டே வார்த்தையில் வண்டியை நகர்த்திக்கொண்டிருந்தார். நடுவில் நான், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு.

இன்சீனிலிருந்து தௌச்சான் சந்திப்பு பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். அங்கே காலை உணவு, மொஹிங்கா. மீன்குழம்பில் சேமியா போட்ட மாதிரி, கிண்ணம் இரண்டாயிரத்து ஐந்நூறு சாட். வாயில் வைக்கும்வரை முகம் சுளித்தவன் இரண்டாவது கிண்ணமும் வாங்கினேன். அதற்கப்புறம் ஒரு சோதனைச் சாவடியில் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, பின்னால் என்ன என்று கேட்டார்கள். பைக், ஆனால் ஓட்டவில்லை, தூங்குகிறது என்று முருகேசன் சொல்ல, போ போ என்று கையைக் காட்டிவிட்டார்கள்.

பாகோ சாலையில் லேகூவுக்கு முன்னால் மரத்தடியில் ஒரு நாட் கோயில். நாட் என்பது நம்மூர் காவல்தெய்வம் மாதிரி. புது வண்டி வாங்கியவர்கள் முதலில் அங்கேதான் வருகிறார்கள். வாசனைத் தண்ணீர் தெளித்து, தபியே என்கிற இலைக்கொத்தை முன்னால் கட்டிவிடுவார்கள். பிறகு வண்டியே தெய்வத்துக்குக் கும்பிடு போட வேண்டும். முன்னால் ஒரு தள்ளு, பின்னால் ஒரு தள்ளு, மூன்று தடவை. காரும் லாரியும் வரிசையில் நின்று ஆடி ஆடிக் கும்பிடுவதை வாயைப் பிளந்து பார்த்தேன். எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சே, இது வேறயா என்று கேட்டதற்கு, இந்த ரோடு இவரோடது அண்ணே, அவருக்குச் சேர வேண்டியதை அவருக்குச் செய்யணும் என்றார் முருகேசன்.

எங்கள் முறை வந்தபோது சரஸ்வதி, பைக்கும் வேறு வீட்டுக்குப் போகிறதே, அதற்கும் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள் என்றார். கதவைச் சாய்த்தோம். ஹேண்டிலில் இலைக்கொத்து கட்ட வாகாக இருக்கட்டும் என்று பட்டைகளைத் தளர்த்தி வண்டியை நேராக நிமிர்த்தினார் முருகேசன். கட்டியாயிற்று, தெளித்தாயிற்று. பின்னால் வரிசையில் நின்றவன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். அந்த அவசரத்தில் கதவை மூடினோம், ஓடிப்போய் ஏறினோம், கும்பிட ஆரம்பித்தோம். பட்டை ஞாபகம் ஒருத்தருக்கும் இல்லை. ஊருக்கெல்லாம் வெல்டிங் சோதிக்கிற எனக்கும்தான். முதல் கும்பிடு நன்றாகத்தான் போனது. இரண்டாவதில் ஏதோ கிறீச்சிட்டது. மூன்றாவதில் பின்னால் தடால் என்று ஒரு சத்தம்.

கதவைத் திறந்தால் பைக் மடித்த கட்டில்மேல் சாய்ந்து கிடக்கிறது. சோற்றுப்பானை உருண்டு, கண்ணாடி திரும்பி, முன் பிரேக் பிடி பாதியில் ஒடிந்து தொங்கியது. இலைக்கொத்து மட்டும் கட்டிய இடத்தில் அப்படியே இருந்தது. "கட்டுனதும் நானே, கவுத்ததும் நானே," என்று முருகேசன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நாங்கள் பைக்கை நிமிர்த்தியதும் சரஸ்வதி ஒடிந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"இப்பிடியே குடுக்க மாட்டேன். நல்லா ஓடுற வண்டின்னு சொல்லிருக்கேன். சரி பண்ணி, நானே ஓட்டிப் பாத்துட்டுத்தான் குடுப்பேன்," என்றார்.

லேகூ போய்ச் சேரும்போது ஒன்பதரை. வாய்க்கால் கரையோரம் ஊ தீனின் கடை. அறுபது வயதிருக்கும், வெற்றிலைக் காவி ஏறிய பல், சிரித்த முகம். நடந்ததைக் கேட்டவர் விழுந்து விழுந்து சிரித்தார். புது வண்டிக்காரர்கள் கும்பிட்டே பின்விளக்கை உடைத்துக்கொண்டு தன்னிடம் வருவது உண்டாம், ஆனால் வண்டிக்குள் வண்டியை உடைத்தவர்கள் நாங்கள்தானாம். முருகேசன் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லும்போதே வெட்கத்தில் நெளிந்தார். கடையில் தொங்கிய ஒரு பிரேக் பிடியை எடுத்து மாட்டி, சாவியை சரஸ்வதியிடம் நீட்டினார் ஊ தீன்.

சரஸ்வதி உடனே ஏறவில்லை. ஹெல்மெட்டை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினார். பிறகு ஒரே உதை. வாய்க்கால் கரை மண்சாலையில் முதலில் மெதுவாகத்தான் போனார், மாட்டுவண்டி போகிற மாதிரி. கல்வெர்ட்டைத் தாண்டியதும் சத்தம் மாறியது. அடுத்து நாங்கள் பார்த்தது புழுதி மட்டும்தான்.

லாரியின் பின்கதவில் மூன்று பேரும் உட்கார்ந்து டீ குடித்தோம். இரண்டாவது டீயும் குடித்தோம். ஊ தீன் தன் கடிகாரத்தைப் பார்த்தார். பிரேக் சோதிக்க இவ்வளவு தூரமா என்று நான் கேட்டேன். முருகேசன் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "அண்ணே, அவ போன பக்கம்தான் அவ ஊரு," என்றார். சிரிப்பதா பயப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

பத்தரையை நெருங்கும்போது சத்தம் கேட்டது. முழங்கால்வரை வாய்க்கால் சேறு, தனக்காவின்மேல் சேறு, பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அப்படி ஒரு சிரிப்பு. ஊ தீன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனார். நாங்களும் இறங்கி விலகி நின்றோம். சரஸ்வதி அவர் பக்கத்தில் நிறுத்தவில்லை. எங்களைத் தாண்டி, வேகம் குறையாமல் சாய்ந்த கதவின்மேல் ஏறி, லாரிக்குள் போய் நின்றார். இன்ஜின் அணைந்தது. கயிறு கப்பியில் உருளும் சத்தம். கதவு எங்கள் மூக்குக்கு முன்னால் எழுந்து எழுந்து மூடிக்கொண்டது.

மூன்று ஆம்பிளைகள் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு தெருவில் நின்றோம். உள்ளே பட்டைகளை இழுத்துக் கட்டும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அதற்கப்புறம்தான் பேச்சு வந்தது. முதலில் பர்மியத்தில், பிறகு எனக்குப் புரியட்டும் என்றோ புருஷனுக்குக் கேட்கட்டும் என்றோ தமிழில்.

"மன்னிச்சுக்கங்க, ஊ தீன். நான் வாக்கு குடுத்தது படியடியில நின்ன வண்டி. இது அது இல்ல."

ஊ தீன் கதவைத் தட்டி, பிரேக் பிடிக்குக் கூலியாகச் சாப்பாடு உண்டா என்று கேட்டார். கதவு மறுபடி சாய்ந்தது. கவிழ்ந்த பானையில் மிஞ்சியிருந்த சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் நாலு பேருமாக அந்தக் கதவிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். ஊ தீன் கப்பியை இழுத்து இழுத்துப் பார்த்தார். தனக்குத் தூண்டில் பைத்தியம் உண்டு, ஒரு சின்னப் படகு வைக்க இதுபோல் ஒன்று செய்ய முடியுமா என்று முருகேசனைக் கேட்டார். முருகேசன் பெண்டாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் ராத்திரி அங்கேயே தங்குவதாக முடிவானது. எனக்கு மறுநாள் விமானம். பாகோவிலிருந்து வந்த பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டார்கள். ஜன்னல் வழியே பார்த்தபோது சரஸ்வதி மடித்திருந்த கட்டிலை இறக்கிக்கொண்டிருந்தார்.

அழகான வண்டி என்று நான் லேசில் சொல்வதில்லை. கீல் இன்னும் தடிமனாக இருக்கலாம், பெயின்ட் படுமோசம். ஆனால் இவ்வளவு சரியாக ஓர் ஆளுக்கு அளவெடுத்துக் கட்டிய வண்டியை நான் பார்த்ததில்லை. கோயம்புத்தூர்க்காரர் நம்பரைத் தேடி எடுத்து, வாங்க கட்டித் தாரேன் என்று சொல்லியாயிற்று.

கரூர் வந்து சேர்ந்த அன்று வாசலில் எங்கள் ஸ்கூட்டர் நின்றிருந்தது. சாவி வழக்கம்போல ஆணியில் தொங்கியது. எடுத்து மனைவியிடம் கொடுத்து, போயிட்டு வா என்றேன்.

"எங்க? என்ன வாங்கணும்?"

"ஒண்ணும் வாங்க வேண்டாம். சும்மா ஒரு ரவுண்டு."

என் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு போனாள்; அப்போது மணி ஐந்து. மணி இப்போது ஏழு, இன்னும் வரவில்லை. அவள் போன பக்கம்தான் அவள் பிறந்த ஊர்.