நல்லூரில் தோற்ற பாடம்

வெள்ளிக்கிழமை பிற்பகல் கும்பகோணத்தில் ரயிலேறினேன். திருப்பூர் ஏறத்தாழ இருநூற்று எண்பது கிலோமீட்டர். நல்லூர் அரசுப் பள்ளியொன்றில் சனிக்கிழமைதோறும் ஆசிரியர்கள் தாமாகவே கூடிப் படிக்கிறார்கள் என்றும், அங்கே ‘ஆசிரியர் கற்பதை நிறுத்தலாமா?’ என்னும் பொருளில் நான் உரையாற்ற வேண்டும் என்றும் என் கல்வியியல் கல்லூரிப் பேராசிரியை கேட்டிருந்தார். கூட்டத்தை நடத்துவோருள் ஒருவர் அவருடைய அக்கா பூங்கொடி, கணித ஆசிரியை. கல்லூரிச் சொற்போர் மேடைகளில் கோப்பைகள் வென்றவள் நான். தொடக்கமும் முடிவும் மனப்பாடமாக, இருபது நிமிட உரை பையில் இருந்தது.

கரூர் தாண்டியதும் எதிர் இருக்கைப் பெண்மணி பேச்சுக் கொடுத்தார். சாத்தூர்ப் பக்கத்துக்காரர், திருப்பூரில் தையல் வேலை.

“எந்தக் கம்பெனிக்குப் போற தாயி?”

“கம்பெனிக்கு இல்லைங்க, பள்ளிக்கூடத்துக்கு. அங்கே ஆசிரியர்களுக்குப் பாடம் நடக்கிறது.”

“டீச்சர்மாருக்கா? அவுகளுக்கு யாரு பாடம் எடுப்பா?”

“அவர்களுக்குள்ளேயேதான்.”

“அப்ப முட்டி போட வைக்கிறது யாரு?” என்றார். பெட்டியே சிரித்தது. அந்தக் கேள்வியோடுதான் திருப்பூரில் இறங்கினேன்.

சனி, காலை ஒன்பது மணி. பழைய பேருந்து நிலையத்திலிருந்து நல்லூர் ஐந்தாறு கிலோமீட்டர். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் இந்தியில் வாதிட்டுக்கொண்டே வந்தார்கள். நடத்துநர் அவர்களிடம் இந்தியிலும் என்னிடம் தமிழிலும் நிறுத்தத்தின் பெயரைச் சொன்னார். தெருவுக்குள் நுழைந்தால் வீடு எது, தொழிற்கூடம் எது என்று பிரித்தறிய முடியவில்லை. கோலம் போட்ட வாசலுக்கு மேல்மாடியில் பின்னல் எந்திரம் ஓடுகிறது. பள்ளிச் சுற்றுச்சுவருக்கு மறுபுறம் தையல் எந்திரங்களின் இரைச்சல்.

எட்டாம் வகுப்பு அறையில் பத்துப் பன்னிரண்டு ஆசிரியர்கள் மாணவர் பெஞ்சுகளில் இடித்துப் பிடித்து அமர்ந்திருந்தார்கள். அறிவியல் ஆசிரியர் தங்கவேல் வழிமுறையை எனக்கு விளக்கினார். வாரம் ஒருவர், தம் வகுப்பில் தோற்ற பாடம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். வென்ற பாடத்துக்கு இங்கே இடமில்லை. முதல் ஒரு மணி நேரம் மற்றவர்கள் கேள்வி மட்டுமே கேட்கலாம். பாராட்டக் கூடாது, ஆறுதல் சொல்லக் கூடாது, குறிப்பாக அறிவுரை கூடவே கூடாது.

“மீறுனா அடுத்த வாரம் எல்லாருக்கும் தேங்காய் பன்னு வாங்கித் தரோணுமுங்க. ஹெச்செம் மட்டும் மூணு தடவ வாங்கியிருக்கறாரு” என்றார். தலைமையாசிரியர் கைகூப்பி அதை ஒப்புக்கொண்டார்.

அன்றைய முறை பூங்கொடி டீச்சருடையது. நாற்பத்தைந்து வயதிருக்கும். எழுந்து கரும்பலகையில் எழுதினார்: எட்டுப் பேர் ஒரு வேலையை ஆறு நாளில் முடிப்பர் எனில், பன்னிரண்டு பேர் எத்தனை நாளில் முடிப்பர்?

“நாலு நாள். ஆனா என்ர வகுப்புல பாதிப் பேரு ஆறு நாளுன்னே எழுதறாங்க. சுமித்ரான்னு ஒரு பிள்ள, நல்லாப் படிக்கறவ. அவ அப்பா அம்மா ஒடிசாவுல இருந்து வந்தவங்க. அவளும் ஆறுன்னே எழுதியிருந்தா. ‘ஆளு கூடியும் அதே நாளா, தூக்கத்துல எழுதுனயா’ன்னு எல்லார்த்துக்கும் முன்னால கேட்டுப்போட்டேன். வகுப்பே சிரிச்சுருச்சு. அதுல இருந்து அவ வாயே தொறக்கறதில்ல. கேட்டா எந்திரிச்சு நிக்கறா, தலையக் குனிஞ்சுக்கறா. கணக்குக் கெடக்குதுங்க. எனக்கு அந்தப் பிள்ள மறுபடி பேசோணும்.”

கேள்விகள் தொடங்கின. மற்ற கணக்குகளில் எப்படி? நன்றாகவே போடுகிறாள். தனியே கூப்பிட்டுக் கேட்டதுண்டா? உண்டு, பதில் இல்லை. இந்த இடத்தில் என்னால் அமர்ந்திருக்க இயலவில்லை. எழுந்தேன். “அன்பு ஒன்றே அச்சத்தை வெல்லும். தாங்கள் அவளிடம் வருத்தம் தெரிவித்து…” என்று தொடங்கி மூன்றாவது வாக்கியத்தை எட்டியபோது அறை முழுவதும் மேசையைத் தட்டியது.

“பன்னு!” என்றார்கள் ஒரே குரலில்.

“பேச்சாளரம்மா ரொம்ப அருமையாப் பேசுனீங்க. அதுக்குத் தனியா ஒரு பன்னு” என்றார் தங்கவேல். பிறகு பலகையைப் பார்த்தபடி தம் கேள்வியைக் கேட்டார்: “ஏனுங்க டீச்சர், ‘ஒரு வேலை’ன்னு எழுதியிருக்கறீங்க. அந்தப் பிள்ள என்ன வேலைய நெனச்சிருக்கும்?”

பூங்கொடி டீச்சர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். “நா அத நெனச்சே பாக்கலீங்களே.”

“நீங்க எந்த வேலைய நெனச்சு எழுதுனீங்க?”

“களை வெட்டு. எங்க கணியூருத் தோட்டத்துல வெங்காயத்துக்குக் களை வெட்டறது.”

சுமித்ராவின் தாய் வேலை செய்யும் தையற்கூடம் அடுத்த தெருவில். கேள்வி நேரம் முடிந்ததும், அவள் பார்த்துப் பழகிய வேலை எது என்று அறிய, பூங்கொடி டீச்சரும் தங்கவேலும் நானும் அங்கே நடந்தோம். என் உரை பையிலேயே இருந்தது. அதை யாரும் கேட்கவுமில்லை, நானும் அப்போது நினைக்கவில்லை.

உள்ளே எந்திரங்கள் வரிசையாக நின்றன. வெட்டிய துணியை ஓவர்லாக் எந்திரங்கள் இணைக்கின்றன. அடுத்து பேட்லாக் எந்திரம் விளிம்பை மடித்துத் தைக்கிறது. கடைசியில் செக்கிங் மேசையில் ஒரு பெண் ஒவ்வொரு பனியனாகத் திருப்பிப் பார்த்துப் பிசிறு நறுக்குகிறார். ஓவர்லாக்கில் நான்கு பேர். பேட்லாக் ஒன்றே ஒன்று. அதன் முன்னால் பாதி தைத்த பனியன்கள் இடுப்புயரம் குவிந்திருந்தன.

“இன்னும் நாலு பேரச் சேத்தா சீக்கிரம் முடியாதுங்களா?” என்று பூங்கொடி டீச்சர் உரிமையாளரிடம் கேட்டார்.

“ஏனுங்க டீச்சர், அவிங்களும் சேந்து இந்தக் குமியத்தான பெருசாக்குவாங்க?” என்று அவர் குவியலைக் காட்டினார். “ஆளு சேத்தா வேல ஓடும்னா எனக்கு எதுக்குங்க இத்தன நரை?”

டீச்சர் குவியலிலிருந்து ஒரு பனியனை எடுத்து, மடிக்காத விளிம்பைத் தடவிப் பார்த்தார். வெளியே வந்ததும், “ஆறு நாளுதான்” என்றார், தமக்குத்தாமே.

ஞாயிறு. களை வெட்டையும் நேரில் பார்க்க, டீச்சரும் நானும் உடுமலை வழியாகப் பேருந்தில் கணியூர் சென்றோம். டீச்சரின் பெற்றோர் வீடு அங்கே. அவருடைய தம்பியின் வெங்காயக் காட்டில் பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாத்திக்கு ஒருவர், ஒருவருக்காக மற்றவர் காத்திருப்பதில்லை. நடுவில் இருவர் புதிதாக வந்து சேர, வேலை கண்ணெதிரே சுருங்கியது. டீச்சரின் கணக்கு இந்த மண்ணில் பொய்க்கவில்லை. கணக்கை எழுதிக் கற்பித்தவருக்குக் காடு தெரிந்திருந்தது. விடை எழுதியவளுக்குத் தையல் வரிசை தெரிந்திருந்தது. ‘வேலை’ என்னும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரு தரப்பும் இரண்டு ஊர்களில் நின்றிருக்கின்றன. வாதத்தில் முதலில் பொருளை வரையறுக்க வேண்டும் என்று எனக்கு மேடை கற்பித்திருக்கிறது. அந்த விதி கணித வகுப்புக்கும் உரியது என்பது வெங்காயக் காட்டில்தான் விளங்கியது.

“நாளைக்கு அவ பேசுவாளா கண்ணு?” என்று திரும்பும் வழியில் டீச்சர் கேட்டார். அறிவுரை நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

திங்கள், இரண்டாம் பாடவேளை. கடைசி பெஞ்சில் எனக்கு இடம். சுமித்ரா சன்னலோரம் அமர்ந்திருந்தாள்; இரட்டைச் சடை, மூடிய புத்தகம். டீச்சர் பலகையை இரண்டாகப் பிரித்து ஒருபுறம் ‘களை எடுப்பு’, மறுபுறம் ‘பனியன் தைப்பு’ என்று எழுதினார்.

“நா தப்புன்னு போட்ட விடை சரியாகற எடம் ஒண்ணு இருக்குது. சனிக்கிழம போயிப் பாத்துட்டு வந்தேன். என்ர கேள்விதான் அரைகொறை. என்ன வேலைன்னு அதுல சொல்லவே இல்ல.”

வகுப்பு நிமிர்ந்தது. “எங்க டீச்சர்? எந்தக் கம்பெனி?” என்று கூச்சல். “அடுத்த தெருவுல இருக்கற பனியன் கம்பெனி” என்றார். எங்கெங்கே ஆள் கூடினால் நாள் குறையும் என்று பட்டியல் வளர்ந்தது. தேங்காய் உரிப்பது, செங்கல் சுமப்பது, கல்யாண வீட்டில் காய் நறுக்குவது. சுமித்ரா மட்டும் பேசவில்லை. டீச்சர் அவளை அழைக்கவும் இல்லை. ஆனால் கண் அந்தச் சன்னலைத் தொட்டுத் தொட்டு மீண்டது.

தையல் பக்கத்துக்கு வந்தார். “இங்க பேட்லாக் ஒண்ணுதான். அதனால ஆளு மட்டும் கூடுனா ஆறு நாளேதான். செரி, பேட்லாக் ரெண்டு போட்டா? பாதி நாளு. மூணு நாளுல முடிஞ்சுரும்” என்று எழுதத் தொடங்கினார்.

“இல்லீங்க டீச்சர்.”

மெல்லிய குரல். சுண்ணக்கட்டி பலகையிலேயே நின்றது.

“அப்பறம் செக்கிங்ல போயி நின்னுக்குமுங்க. அங்க எங்கம்மா ஒருத்தருதான இருக்கறாங்க” என்றாள் சுமித்ரா, எழுந்து நின்று, தலை குனியாமல்.

பின்னாலிருந்து ஒரு பையன், “டீச்சர் தூக்கத்துல எழுதுனீங்களா?” என்றான். வகுப்பு சிரித்தது. முதலில் சிரித்தவர் டீச்சர். சுமித்ராவும் சிரித்துவிட்டாள்.

“அப்ப நீயே வந்து எழுது” என்று சுண்ணக்கட்டியை நீட்டினார். அவள் வந்தாள். மூன்றை அடித்தாள்; வேறு எண் எதையும் எழுதவில்லை. “செக்கிங்ல ஒரு நாளைக்கி எத்தன பீஸ் பாக்கறாங்கன்னு தெரியாம சொல்ல முடியாதுங்க” என்றாள்.

பேருந்து நிறுத்தத்தில், அந்தப் பிழையை வேண்டுமென்றேதான் செய்தீர்களா என்று டீச்சரிடம் கேட்டேன். உத்தி என்றே எண்ணியிருந்தேன். மேடையில் நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

“அட இல்ல கண்ணு, நெசமாலுமே எனக்குத் தெரியல. செக்கிங்க நா யோசிக்கவே இல்ல” என்று சிரித்தார். “அடுத்த சனிக்கிழம இதத்தான் கொண்டுட்டுப் போகோணும்.” தேங்காய் பன்னுக்குரிய தொகையை அவரிடம் கொடுத்துவிட்டு ஏறினேன்.

மாலை ரயில் தஞ்சைக்குள் நுழைகையில் இருபுறமும் வயல். எங்கள் கல்லூரியில் மாதிரிப் பாடம் நடத்தும் நாளில், கைவந்த பாடத்தையே தேர்ந்தெடுத்துக் கைதட்டல் வாங்குவோம். தோற்றதைக் கொண்டுவா என்று எவரும் எங்களைக் கேட்டதில்லை. அடுத்த மாதம் கற்பித்தல் பயிற்சிக்காக எங்களூர்ப் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்புக்குப் போகிறேன். இதே மாதிரிக் கணக்கு வரும். இருபது பெண்கள் வரிசையாக நின்று நடவு நடுவதைச் சொல்லி விளக்கலாம் என்று நினைத்தேன். சன்னலுக்கு வெளியே ஒரு நடவு எந்திரம் தனியாக வயலைக் கடந்து போனது. அதன்மேல் ஒரே ஒருவர்.

‘ஒரு வேலை’ என்றால் அந்தப் பிள்ளைகளின் மனத்தில் எது வந்து நிற்கும்? எனக்குத் தெரியவில்லை. முதல் நாள் அதைத்தான் அவர்களிடம் கேட்கப் போகிறேன்.