'தேவையில்லை' என்று நான் எழுதிய ஊசி

சென்ற ஆண்டு ஸ்பிரிங் பிரேக் விடுமுறையில் மனைவி, மகளோடு பிரேசில் போய்விட்டு, டெக்சாஸில் எங்கள் பிளானோ வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் நடந்தது இது.

டூர் என்றால் எங்கள் நட்பு வட்டத்தில் நான்தான் அத்தாரிட்டி. எக்ஸெல் ஷீட் போடாமல் பெட்டியைத் தொட மாட்டேன். பிரேசிலுக்கும் போட்டேன். பணம் ரியல். பேசுவது போர்ச்சுகீஸ், ஸ்பானிஷ் அல்ல. ஊருக்கு ஊர் வோல்டேஜ் வேறு. குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி: உள்ளே நுழையக் கட்டாயமில்லை, எனவே தேவையில்லை.

என் மனைவிக்குச் சொந்த ஊர் கோவை. "எதுக்கும் போட்டுக்கலாமுங்க" என்று இரண்டு முறை சொன்னாள். கிளினிக்குக்கு யார் அரை நாள் லீவு போடுவது? ஷீட்டைக் காட்டி வாயை அடைத்துவிட்டேன்.

சனிக்கிழமை இரவு பிரேசிலில் விமானம் ஏறி, ஞாயிறு காலை வந்து சேர்ந்தோம். திங்கள் காலை அழுக்குத் துணிகளை வாஷரில் போட்டுக்கொண்டிருந்தபோது கோவையிலிருந்து மைத்துனன் போன் செய்தான். மாமனாருக்கு மாரடைப்பு, ஐசியூவில் இருக்கிறார், புதன்கிழமை பைபாஸ். "அக்காவ உடனே அனுப்பி வைங்க மாமா" என்றான்.

இந்தியக் கடைகள் இருக்கும் ஸ்ட்ரிப் மாலில் டிக்கெட் போட்டுத் தரும் ஒரு தமிழ் அம்மா இருக்கிறார். முன்பின் பழக்கமில்லை, ஓடினேன். மனைவிக்கு அன்றைக்கே சீட் பார்த்தவர், "கடைசி ஆறு நாள்ல வேற எங்கயாவது போனாங்களா சார்?" என்றார். பிரேசில் என்றேன். கீபோர்டில் அவர் கை நின்றது. "எல்லோ ஃபீவர் ஊசி போட்ட கார்டு இருக்கா?"

இல்லை. பிரேசிலிலிருந்து கிளம்பி ஆறு நாள் முடிவதற்குள் கார்டு இல்லாமல் இந்தியாவில் இறங்கினால், மீதி நாட்களுக்குத் தனியாக வைத்துவிடுவார்களாம். இப்போது ஊசி போட்டாலும் பத்து நாள் கழித்துத்தான் செல்லுமாம். சொல்லாமலே போய்விட்டால்? வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"பாஸ்போர்ட்ல ஸ்டாம்ப் இருக்கே சார். பிடிச்சுட்டா மேடம் அங்க தனியா மாட்டிப்பாங்க."

எப்படிக் கணக்குப் போட்டாலும் சனிக்கிழமைக்கு முன் அவள் அப்பா முகத்தைப் பார்க்க முடியாது. பிரேசிலுக்குள் போக என்ன வேண்டும் என்று அலசிய மேதாவி, அங்கிருந்து வந்தவர் நம் ஊருக்குப் போக என்ன வேண்டும் என்று பார்க்கவே இல்லை. சனிக்கிழமை போய் இறங்கும்படி வியாழக்கிழமைக்கு டிக்கெட் போட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். "சரிங்க" என்று மட்டும் சொல்லி, பெட்டியை அப்படியே திறந்து போட்டுவிட்டு எழுந்து போனாள்.

அந்த மூன்று நாளும் போன் அடித்தாலே மாமனாருக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்றுதான் தோன்றியது. அவர் போய்விட்டால், அப்பாவைக் கடைசியாகப் பார்க்க விடாமல் செய்தவன் என்ற பெயரோடுதான் இவள் எதிரே காலமெல்லாம் உட்கார வேண்டும். மகள் வேறு, "இஸ் தாத்தா கோயிங் டு டை?" என்று கேட்டாள்.

புதன் காலை, அங்கே மாலை, மாமனாரை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள் என்று செய்தி வந்தது. பிறகு ஐந்து மணி நேரம் ஒரு தகவலும் இல்லை. ஆபீஸ் மீட்டிங்கை ம்யூட்டில் போட்டுவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடித்தபோது இரண்டு பேருக்குமே எடுக்கத் தைரியம் வரவில்லை. நாலாவது ரிங்கில் அவள்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா பொழச்சுட்டாரு, அக்கா" என்றான் மைத்துனன்.

சனிக்கிழமை அவள் போய்ச் சேர்ந்தாள். இவளைப் பார்த்ததும் மாமனார் கேட்ட முதல் கேள்வி, "பிரேசிலு எப்படி இருந்துச்சு கண்ணு?" என்பதுதானாம். அதை எனக்குப் போனில் சொல்லும்போதுதான் அவள் முதன்முறையாக அழுதாள்.

இன்றுவரை அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நண்பர்கள் இப்போதும் ஷீட் கேட்கிறார்கள், அனுப்புகிறேன். ஆனால் எதற்கு எதிரேயாவது 'தேவையில்லை' என்று எழுதப் போனால், மூன்று நாள் திறந்தே கிடந்த அந்தப் பெட்டி கண்முன்னே வந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறது.