லாரி வரும்வரை ஐஸ் பெட்டி

கெட்டுப்போன ஐஸ் பெட்டியைக் கடைக்காரர் வந்து தூக்கிக்கொண்டு போகும்வரை அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது யார்? கடைக்காரர்தான் என்கிறீர்களா? நானும் அப்படித்தான் சொன்னேன். பிரிஞ்சாங் டவுன் கடையில், சீன முதலாளி தவுக்கேயின் முகத்துக்கு நேராக, காலேஜ் இங்கிலீஷில் வெளுத்து வாங்கினேன்.

அவர் அசரவில்லை. மாற்றித் தருவதாக ஒத்துக்கொண்டார். ஆனால் லாரி மேலே வரும் வரைக்கும் பிளக்கைக் கழற்றி வைக்க வேண்டும், பின்பக்கத்தை யாரும் திறக்கக் கூடாது, உள்ளே எதையும் வைக்கக் கூடாது. உங்கள் கையால் கெட்டால் நான் எடுக்க மாட்டேன் என்று தமிழிலேயே சொல்லி அனுப்பினார்.

எங்கள் எஸ்டேட்டில் குழாய்த் தண்ணீரே பல்லைக் கூசவைக்கும். அம்மா ஐஸ் பெட்டி வாங்கியபோது லயத்து வரிசை வீடெல்லாம் சிரித்தது. "அக்கா, பொட்டிக்குக் குளிரும், ஒரு கம்பளி போத்தி விடு" என்றார் பக்கத்து வீட்டுச் சித்தி. அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. மூக்கு ஒழுகிக்கொண்டே ஐஸ் கேட்கிற பிள்ளைகள்தான் இங்கே அதிகம். சிரப்பு ஊற்றி ஐஸ் கட்டி ஸ்கூல் வாசலில் விற்றால், வலிக்கிற முட்டியோடு கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து பறிக்க மலை ஏற வேண்டியதில்லை. அதுதான் அவர் கணக்கு. பெட்டி என்னவோ இரவெல்லாம் உறுமியது. தண்ணீர் மட்டும் தண்ணீராகவே இருந்தது.

லாரி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாதையில் மண் சரிந்து எல்லாம் தள்ளிப்போனது. அந்த நேரம் பார்த்து நான் தாப்பாவில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால், குப்பென்று அடித்தது கருவாடு.

"என்னம்மா இது?"

"வெளிய வச்சா பூஞ்சை பூக்குதுடி. இது நல்லா இறுக்கமா மூடுது. அப்பளம் வச்சேன். அதப் பாத்துட்டு சித்தி கருவாடு கொண்டாந்துச்சு. எப்படி வேணாங்கிறது?"

எப்படிச் சொல்ல முடியும்? எங்கள் லயத்தில் யார் வீட்டு அடுப்படி காய்ந்திருக்கிறதோ அங்கேதான் எல்லார் விறகும் காயும். காய்ந்த இடம் என்றால் அது பொது. ஆனால் தவுக்கேக்கு இதெல்லாம் தெரியுமா?

"வெள்ளிக்கிழம லாரி வருது, போச்சு. உனக்குப் புதுப் பொட்டி கெடையாது" என்றேன்.

அம்மா முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். சித்தி ஓடி வந்து எலுமிச்சையும் சவுக்காரமும் போட்டுத் தேய்த்தார். இப்போது எலுமிச்சை பிழிந்த கருவாடு மாதிரி அடித்தது.

ஸ்கூல் லீவில் நான் தூள் அரைக்கிற தேயிலை ஸ்டோரில் வேலை செய்திருக்கிறேன். தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு போனாலே கணக்கெழுதுகிற கிராணி வாசலில் நிறுத்திவிடுவார். பக்கத்தில் இருக்கிற வாசத்தையெல்லாம் தேயிலை இழுத்துக்கொள்ளும். அது நினைவுக்கு வந்ததும் வீடு வீடாகப் போய்த் தேயிலைத்தூள் கேட்டேன். துணியில் மூட்டை கட்டிப் பெட்டிக்குள் தட்டு தட்டாக அடுக்கி, மறுநாள் எடுத்துவிட்டுப் புதுத்தூள் வைத்தோம். பழைய தூளை வீணாக்கக் கூடாதென்று சித்தி தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். தேத்தண்ணி மீன் குழம்பு மாதிரி இருந்ததாம். சித்தப்பா இன்னும் திட்டுகிறார்.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. டிரைவர் நம்ம தமிழ் ஆள்தான்.

"நீ வாயத் தொறக்காத, நான் பேசிக்கிறேன்" என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன்.

டிரைவர் பின்பக்க ஸ்குரூவைப் பார்த்தார். கதவு ரப்பரில் விரலை ஓட்டினார். பிறகு தலையை உள்ளே விட்டு மோந்தார். வாசலில் நின்ற சித்தி மூச்சே விடவில்லை.

"என்னாக்கா, பொட்டிக்குள்ள தேத்தண்ணிக் கடை வச்சிருந்தியா?"

நான் பொய்யைத் தேடுவதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "கருவாடு வச்சுட்டோம் தம்பி. தப்புதான். கழுவி, தூளு போட்டு வாடைய எடுத்தாச்சு. ஐஸு கட்டாதது மட்டும் எங்களால இல்ல."

டிரைவர் கதவை இரண்டு தடவை திறந்து மூடினார். "மோட்டார் ரோசாக், கெட்டுப்போச்சு, அது எங்க தப்பு. கருவாடு உங்க தப்பு. உங்களத நீங்க சரி பண்ணிட்டீங்க. எங்களத நாங்க பண்ணணும் லா" என்று சொல்லிவிட்டு சித்தியைத் திரும்பிப் பார்த்தார். "யம்மா, அடுத்த பொட்டி வந்தா நீ தள்ளியே நில்லு."

"நான் ஏன்யா வாரேன்" என்று சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்து லாரியில் ஏற்றியதும் அவர்தான்.

மாற்றுப் பெட்டி வந்துவிட்டது. ஐஸ் கட்டுகிறது. அம்மா இப்போது அரை நாள்தான் மலைக்குப் போகிறார்.