சித்தப்பா மனேச்சர் ஆகாத கதை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, சித்தப்பா மனேச்சர் ஆகப்போகிறார் என்று அம்மா பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பல் முழுக்கச் சொல்லிவிட்டார். மீன்கடையிலும் சலூனிலும் கேட்டவர்கள் எல்லாரும் "எந்த ரெஸ்ரோறன்ற்?" என்றே திருப்பிக் கேட்டார்கள். அவர்களில் பிழையில்லை. சித்தப்பா அப்போது ஒரு பிரெஞ்சு ரெஸ்ரோறன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். சிறுவர்களின் பேஸ்பால் அணிக்கு மனேச்சர் என்று அம்மா விளக்கினால், அது என்ன சாமான் என்று கேட்பார்கள். அம்மாவுக்கும் அது தெரியாது.

பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஒரு தாளில் தொடங்கியது எல்லாம். புதன்கிழமை பிற்பகலில் பிள்ளைகளுக்குப் பேஸ்பால் பழக்குகிறார்கள், விரும்பியவர்கள் வரலாம் என்று அதில் போட்டிருந்தது. பாரிசுக்குள் அந்த விளையாட்டுக்கு இடமில்லை. மைதானம் கார்ஜ் லே கொனெஸில் இருந்தது. சித்தப்பாவுக்குப் புதனில்தான் லீவு என்பதால், என்னை ரயிலில் கூட்டிக்கொண்டு போகும் வேலை அவர் தலையில் விழுந்தது.

முதல் மூன்று வாரமும் அவர் ஜக்கெற்றைக் கழற்றாமல் வாங்கில் உட்கார்ந்திருந்தார். எங்கள் பயிற்சியாளர் முழங்கால் வருத்தமுள்ள கிழவர். அவர் எறிந்த பந்துகளில் எங்களால் ஒன்றைக்கூட அடிக்க முடியவில்லை. நான்காவது வாரம் சித்தப்பா எழுந்து வந்து, தடியை ஒருமுறை தரச் சொல்லிக் கேட்கும்படி என்னிடம் சொன்னார். கிழவர் சிரித்துக்கொண்டு கொடுத்தார். சித்தப்பா அடித்த பந்து வேலிக்கு மேலால் போய்க் கார் நிறுத்துமிடத்தில் விழுந்தது. அடுத்த பந்தும் அங்கேயே போனது. கிழவர் சிரிப்பதை நிறுத்தினார்.

ஊரில் சித்தப்பா எல்லே விளையாடியவர். மூங்கில் தடியால் டெனிஸ் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற விளையாட்டு அது. அன்றைக்குத்தான் எனக்கு அது தெரியவந்தது.

அதன்பிறகு எங்களுக்கு அடிக்கப் பழக்கியவர் சித்தப்பாதான். முதல் நாள் அவர் எங்களைத் தடியைத் தொட விடவில்லை. எல்லாரையும் வரிசையாகக் கம்பி வேலியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார். நெற்றி வேலியை விட்டு விலகாமல் இடுப்பை மட்டும் திருப்ப வேண்டும். தலை ஆடாவிட்டால் கண் பந்தை விடாது என்பது அவர் பாடம். அவரிடம் இருந்த பிரெஞ்சு முழுவதும் சமையலறைப் பிரெஞ்சு. பந்து வரும்போது, சூடான தட்டோடு ஆள் வருகிறது என்று எச்சரிக்கிற மாதிரி "ஷோ! ஷோ!" என்று கத்துவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்கு அவரை நன்றாகப் பிடித்திருந்தது. எனக்கோ மைதானம் பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் நல்லது என்றிருந்தது.

அந்த வருடம் எங்கள் அணி முதல்முறையாக வென்றது. பிறகு அடிக்கடி வென்றது.

வருட முடிவில் கிழவர் தெற்கே மகளோடு இருக்கப் போவதாகச் சொன்னார். தன் இடத்துக்குச் சித்தப்பாவைப் போடும்படி கழகத் தலைவியிடமும் சொன்னார். தலைவி கண்ணாடி போட்ட, அமைதியான பெண். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கழக அறையின் சுவரில் அவர் தன் கையால் ஒரு பலகை செய்து மாட்டியிருந்தார். யாரிடம் யார் படித்து மனேச்சர் ஆனார்கள் என்பதை ஒரு குடும்ப மரம் போல அதில் வரைந்திருந்தார். உச்சியில், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்தில் பிரான்சில் நின்ற ஓர் அமெரிக்கச் சிப்பாய். அவரிடமிருந்து ஒரு கோடு இறங்கி ஓர் உடற்பயிற்சி ஆசிரியருக்கு வந்தது. அவரிடமிருந்து எங்கள் கிழவருக்கு. கிழவருக்குக் கீழே ஒரு பெட்டி வெறுமையாக இருந்தது. ஒருவர் எப்படிப் பழக்குவார் என்பதை அவர் யாரிடம் பழகினார் என்பதை வைத்துச் சொல்லலாம் என்பது தலைவியின் நம்பிக்கை.

சித்தப்பாவைக் கதைக்க வரச்சொன்னார்கள். அவர் வெள்ளைச் சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்தார். மொழிபெயர்க்க நான். தலைவி பலகையைக் காட்டி, உங்களுக்குப் பழக்கியவர் யார் என்று கேட்டார்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் சித்தப்பா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு கதைக்கத் தொடங்கினார். வீட்டில் ஒரு நாளில் கதைக்காத அளவு கதைத்தார்.

"எங்கடை பள்ளிக்கூடத்திலை பீ.ரீ. மாஸ்டர் ஒராள் இருந்தவர். வேலியிலை நெத்தியை வைக்கிற பழக்கம் அவற்றை. அப்ப பனையிலை வைக்கச் சொல்லுவார். தடியெல்லாம் தானே வெட்டி, நெருப்பிலை வாட்டி எடுப்பார். அவருக்குப் பழக்கினது அவற்றை தமையன். எங்களை மாகாணப் போட்டி வரைக்கும் கொண்டு போனவர். அடுத்த கிழமை ஆமி அவரைப் பிடிச்சுக்கொண்டு போனது. பிறகு ஆள் வரேல்லை. அவர் இல்லையெண்டால் எனக்கு ஒண்டும் தெரியாது. இதை வடிவாச் சொல்லு பிள்ளை."

மாஸ்டரின் பெயரையும் சொன்னார், தமையனின் பெயரையும் சொன்னார். எல்லேக்குப் பிரெஞ்சில் என்ன என்று எனக்குத் தெரியாது. தடியை நெருப்பில் வாட்டுவதற்கும் தெரியாது. ஆமி பிடித்துக்கொண்டு போவதைச் சொல்லச் சொற்கள் தெரியும். ஆனால் யன்னலுக்கு வெளியே என் அணிப் பிள்ளைகள் இருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பனைமரத்தில் நெற்றியை வைத்த கதையை அவர்கள் கேட்டால், அடுத்த புதனில் என் கதை முடிந்தது.

"பெர்சோன், மதாம்," என்றேன். யாரிடமும் இல்லை. தானாகவே பழகினாராம்.

அது ஒரு புகழ்ச்சி என்று எனக்குள்ளே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

இவ்வளவு நேரம் கதைத்தது அதுதானா என்று தலைவி கேட்டார். அதுதான் என்றேன். அவர் பேனையை மூடினார்.

பெர்சோன் என்ற சொல் சித்தப்பாவுக்குத் தெரியும். கண்ணாடிக் கிளாசை உடைத்தது யார் என்று முதலாளி கேட்டால், சமையலறையில் எல்லாரும் சொல்லுகிற சொல் அது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திருத்தவில்லை. மெர்சி மதாம் என்று எழுந்து, கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டு வெளியே வந்தார்.

ரயிலில், "நான் சரியாச் சொன்னனானே, சித்தப்பா?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை. வடிவாச் சொன்னனீ."

அடுத்த புதன் அந்தப் பெட்டிக்குள் ஒரு பெயர் இருந்தது. கிழவரிடம் சின்ன வயதில் விளையாடிய ஓர் இளைஞனுடையது. உங்களில் குறை ஒன்றுமில்லை, உதவிக்கு எப்போதும் வரலாம், ஆனால் யாரிடமும் முறையாகப் பழகாதவரிடம் பிள்ளைகளை ஒப்படைக்க முடியாது என்று சித்தப்பாவிடம் சொல்லும்படி தலைவி என்னிடம் சொன்னார். இதை மட்டும் நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

ஒரு மாதத்தில் சித்தப்பா தன் லீவைத் திங்களுக்கு மாற்றிக்கொண்டார். என்னை அம்மா கொண்டுபோய் விட்டார். புதிய மனேச்சர் நல்ல பெடியன். புதிதாக வந்த பிள்ளைகளை அவன் வேலியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நிற்கச் சொன்னான். இது யார் கண்டுபிடித்தது என்று ஒரு பிள்ளை கேட்டது. எங்கள் கிழவர்தான், அவருக்கு அவர் ஆசிரியர், ஆசிரியருக்கு அந்த அமெரிக்கர் என்று அவன் கழக அறைப் பக்கம் கையைக் காட்டினான். பொய் சொல்லுகிறோம் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் என் கையுறையின் நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது சித்தப்பா ஆர்ஜொந்தெய்யில் குடும்பத்தோடு இருக்கிறார். போன வருடம் அவரிடம் அந்த மாஸ்டரின் பெயரைக் கேட்டேன். "எந்த மாஸ்டர்?" என்றார். பிறகு தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கேட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அன்றிரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். சித்தப்பா வந்த புதிதில், அகதி விசாரணையில், அவர் அரை மணித்தியாலம் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் அவசரத்தில் இரண்டு வரியில் முடித்துவிட்டாராம். கேஸ் றிஜெக்ட். மூன்று வருடம் பேப்பர் இல்லாமல் இருந்தாராம்.

"அண்டைக்குக் கழகத்திலை மொழிபெயர்க்க மேல் வீட்டுப் பாண்டிச்சேரிக்காரர் வாறன் எண்டவர். அவற்றை பிரெஞ்சு திறம்," என்றார் அப்பா. "சித்தப்பன்தான் வேண்டாம் எண்டவன். வீட்டுப் பிள்ளையெண்டால் ஒண்டையும் விடாமல் சொல்லும் எண்டு உன்னைக் கூட்டிக்கொண்டு போனவன்."