டேங்க் மூடியும் சங்குகுளி வள்ளமும்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு எஞ்சின் ரிப்பேர் கடை இருந்ததாம். அங்கே வருகிற எஞ்சினெல்லாம் கடை வாசலில் நன்றாக ஓடுமாம், வாசலைத் தாண்டினால் நின்றுவிடுமாம். வீட்டில் கதை கேட்டே வளர்ந்த எனக்கு இப்படித்தான் ஆரம்பிக்க வருகிறது. ஆனால் இது கதையில்லை, தூத்துக்குடியில் நான் வேலை பார்க்கும் கடை. கிரீஸ் கையோடு சோறு தின்னும் சகாக்களே, உங்களுக்குப் புரியும்.

கடையில் ஓடியது

சூசை அண்ணன் சங்குகுளி வள்ளம் வைத்திருப்பவர். வள்ளத்தில் ஒரு சின்னப் பெட்ரோல் எஞ்சின் கம்ப்ரஸரைச் சுற்றும். அதிலிருந்து ஓஸ் குழாய் வழியாகக் கடலடியில் சங்கு எடுப்பவனுக்குக் காற்று போகும். அவர் மனைவியின் தம்பி லூர்துதான் அப்படி மூழ்கிச் சங்கு குளிப்பவன். எஞ்சின் பாதியில் நிற்கிறது என்று, டேங்கை வள்ளத்திலேயே விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் தூக்கி வந்தார்.

கார்புரேட்டரைக் கழுவி, கடையில் தொங்கும் பெட்ரோல் பாட்டிலில் டியூபை மாட்டி ஓட்டினேன். மத்தியானம் வரை நிற்கவே இல்லை. மறுநாளே திரும்பி வந்தார்.

“கடையில ஓடுது, கடல்ல நிக்கி. அப்ப கடலை இங்கன கொண்டு வரவா தம்பி?”

லூர்து வந்தான்

பிளக்கை மாற்றினேன். மறுபடியும் கடலில் நின்றது. கொஞ்சம் பொறுத்து இழுத்தால் ஓடுமாம், அப்புறம் திரும்ப நிற்குமாம். இந்தத் தடவை லூர்துவே வந்தான். என் வயதுக்காரன், கண்ணெல்லாம் சிவப்பு. எஞ்சின் நின்றால் கம்ப்ரஸர் உருளையில் மிச்சமிருக்கும் காற்றுதான் அவனுக்கு. அதற்குள் மேலே வர வேண்டும். அவசரமாக ஏறினாலோ நெஞ்சு தாங்காது.

“எஞ்சின்ல கோளாறு இல்ல லூர்து” என்றேன் மெதுவாக.

“கோளாறு இல்லாத எஞ்சினாலதான் நான் சாகப் பாத்தேன். நாளைக்கு நீயும் வள்ளத்துல வாலே, மேல இருந்து வேடிக்கை பாரு.”

கடலில்

போனேன். லூர்து ஓஸைக் கடித்துக்கொண்டு இறங்கினான். அவன் இடுப்பில் கட்டிய கயிறு சூசை அண்ணன் கையில். எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. திடீரென்று இருமியது, திணறியது, நின்றது.

கடல் அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சூசை அண்ணன் கயிற்றைச் சுண்டினார். கீழிருந்து பதில் சுண்டு இல்லை. “இழுலே, இழு!” என்று என்னைப் பார்த்துக் கத்தினார். ஸ்டார்ட்டரை இழுத்தேன், இழுத்தேன். கம்ப்ரஸரின் காற்றழுத்த முள் இறங்கிக்கொண்டே வந்தது. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திருகினேன். ‘ஸ்ஸ்ஸ்’ என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. அடுத்த இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் லூர்துவின் தலையும் தண்ணீருக்கு மேலே வந்தது.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். நடுவிலிருக்கும் ஊசித் துளைக்குள் சோப்பு! பெட்ரோல் குறையக் குறைய அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும்; போகாவிட்டால் டேங்க் பெட்ரோலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இறங்க விடாது.

“காத்துல பெட்ரோல் வாடை அடிக்கி, தலை சுத்துதுன்னு நீதானல சொன்ன? அந்த ஓட்டையிலருந்துதான் வருதுன்னு அடைச்சேன்” என்றார் சூசை அண்ணன் லூர்துவிடம்.

வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து இருமிக்கொண்டிருந்த லூர்து நிமிர்ந்தான். “வாடை வரக் கூடாதுன்னு காத்தையே நிப்பாட்டிட்டீரே அத்தான்!”

கரையில்

துளையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தேன். கம்ப்ரஸர் காற்றை இழுக்கும் வாயில் நீளமாக ஒரு ஓஸ் மாட்டி, புகையும் வாடையும் எட்டாதபடி எதிர்ப்பக்கம் மூங்கிலில் உயரக் கட்டினேன். அதே டேங்க், அதே மூடியோடு நெடுநேரம் ஓட்டிக் காட்டினேன். நிற்கவில்லை. சூசை அண்ணன் ஓஸை வாயில் வைத்து இழுத்துப் பார்த்து, “வாடையே இல்லடே” என்றார். லூர்து இழுத்துப் பார்க்கவில்லை.

“நாளைக்கு வாரியால்லா?” என்று அவனிடம் கேட்டார்.

லூர்து, கடலடியில் கண்ணில் மாட்டும் தன் குளிக்கண்ணாடியை எடுத்து அவர் கையில் வைத்தான். “நாளைக்கு நீரு குளியும் அத்தான். மூடிய நான் பாத்துக்கிடுதேன்.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். சூசை அண்ணனும் கண்ணாடியோடு அவன் பின்னாலேயே போய்விட்டார்.

எங்கள் தொழிலில் பாதி ரிப்பேர், எஞ்சின் கெட்டுப்போய் வருவதில்லை, யாரோ நல்லது செய்யப் போய் வருகிறது.