சவரிமுத்து ஏறி உட்கார்ந்து பார்த்த வண்டி

சவரிமுத்து இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை காலை பட்டறைக்கு வந்தது. சாந்தோமிலிருந்து அவருடைய மருமகன் சைக்கிளில் வந்து வாசலிலேயே நின்று சொன்னார். நான் ஒரு வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றிப் பாதியில் வைத்திருந்தேன். அதைப் பூட்டி முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தால் அவருக்கே பிடித்திருக்காது.

நந்தனம் பட்டறையில் அவரும் நானும் பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் வேலை பார்த்தோம். என்னைவிட இரண்டு வயது இளையவர். இந்த இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் அவருடைய பொறுமையைப் பேசுகிறீர்கள். அதைப் பார்த்து எரிச்சல்பட்டவன் நான். ஒரு ஸ்குரூவைத் தொடுவதற்கு முன் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுவார். "ஓடட்டும் நைனா, அப்பால கைய வெக்கலாம்" என்பார். நான் இரண்டு வண்டி முடிப்பதற்குள் அவர் ஒன்றுதான் முடிப்பார்.

ஏசி வைத்த கார்கள் அப்போது ஊரில் விரல்விட்டு எண்ணும்படிதான். தி.நகர் ஜவுளிக்கடை முதலாளி ஒருவரிடம் ஒன்று இருந்தது. கிளம்பும்போது குளிர்கிறது, அரைமணி போனதும் குளிர் நின்றுவிடுகிறது என்று கொண்டுவந்தார். நான் பட்டறையிலேயே பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்தேன். நன்றாகக் குளிர்ந்தது. "மெஷின்ல ஒண்ணும் இல்லீங்க. வண்டிய நிறுத்திட்டு டிரைவர் ஏசியப் போட்டுத் தூங்குறாரு போல, அதுல சூடேறித்தான் அப்புறம் குளிர மாட்டேங்குது" என்றேன். தெரியவில்லை என்று சொல்ல வெட்கம், வேறொன்றுமில்லை. மறுநாளே டிரைவர் தணிகாசலத்துக்கு வேலை போயிற்று.

புது டிரைவர் வந்தும் கோளாறு போகவில்லை. இம்முறை வண்டியைச் சவரிமுத்து எடுத்துக்கொண்டார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, என்னை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்தார். அடையாறு சுற்றி லஸ் வரும்போது காற்று குறைந்தது. ஓரங்கட்டச் சொல்லி, டாஷ்போர்டுக்கு அடியிலிருந்த ஏசிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே தகடுகள் முழுக்கப் பனிக்கட்டி. காற்று வர வழியே இல்லை.

"குளிரு கம்மியில்ல நைனா, ஜாஸ்தியாக் கீது" என்றார்.

அந்தத் தகடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய செம்புக் குழாயின் நுனி செருகியிருக்க வேண்டும். குளிர் போதும் என்று உணர்ந்து கம்ப்ரஸரை நிறுத்துவது அதுதான். அது வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நுனியில் காய்ந்த சந்தனம், குங்குமம். ஆயுத பூஜையன்று அந்த வண்டி எங்கள் பட்டறையில்தான் நின்றது. புதுச் சாமான் என்ற பெருமையில், குழாயை வெளியே எடுத்துத் துடைத்துப் பொட்டு வைத்தவன் நான். திரும்பச் செருக மறந்தவனும் நானே.

கட்டி கரையும்வரை காத்திருந்து, குழாயைச் செருகி, கிளிப் போட்டார். திரும்பும்போது கம்ப்ரஸர் முறைப்படி விட்டுவிட்டு ஓடியது. பட்டறை வாசலில் இறங்கியதும், "வண்டி சரியாப்பூட்ச்சி. தணிகாசலத்துக்கு இன்னா பண்ணப்போற?" என்றார்.

ஜவுளிக்கடை முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "சரி விடும் வே, இப்பம் வேற ஆள் வந்தாச்சுல்லா" என்றார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சவரிமுத்து நேரே என் வீட்டுக்கு வந்து, என்னை ஈக்காட்டுத்தாங்கலுக்குக் கூட்டிப்போனார். தெருமுனை டீக்கடை பெஞ்சில் தணிகாசலத்தின் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, "நீ போய்ட்டு வா" என்றார்.

தணிகாசலம் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். "இப்ப சொன்னத இவகிட்ட ஒருதபா சொல்லு சார். நான் தூங்கிக்கினு இருந்தேன்னு இவளும் நம்பிக்கினு கீறா."

மறுபடி சொன்னேன். அந்த அம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை. தன் கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது சவரிமுத்து எனக்கு ஒரு டீ சொன்னார். அதற்குப் பிறகு பட்டறையில் ஒருவரிடமும் இதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதனால்தான் தணிகாசலம் தூங்கி வேலையைத் தொலைத்தவர் என்று உங்களில் பலர் இன்றும் சொல்கிறீர்கள்.

அவர் தூங்கவில்லை. தப்பு என்னுடையது. சவரிமுத்துவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, செய்ததைப் போய்ச் சொல்லும் இந்த ஒரு பழக்கம்தான். அன்று அவர் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இன்று நானாகச் சொல்ல வந்திருக்கிறேன்.