தேசம்மா என் மேல் போட்ட பழி

அன்று காலை ஆறு மணிக்கு நான் தேசம்மாவின் தொழுவத்தில் அவளுடைய பெரிய மாட்டுக்கு மடி கழுவிக்கொண்டிருந்தேன். அவள் காய்ச்சலோடு திருப்பதி ஆஸ்பத்திரியில் படுத்துப் பதினோரு நாளாகியிருந்தது. அதுவரை அவளுடைய இரண்டு மாடுகளையும் நானும் என் மனைவி சரோஜாவும்தான் பார்த்துக்கொண்டோம். சட்டைப் பையில் போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்தேன். அவள் கணவர் மணி பேசினார். "அண்ணா, தேசம்மா நம்மள உட்டுட்டுப் பூட்டா," என்றார். "ரெண்டையும் கறந்துடு அண்ணா. உட்டா மடி கட்டிக்கும். அவ இருந்தா அதத்தான் சொல்லுவா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் உட்கார்ந்து கறந்தேன். எத்தனை லிட்டர் வந்தது, எப்படி அதைப் பால் சென்டருக்குக் கொண்டுபோனேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

சத்தியவேட்டைச் சுற்றியிருக்கிற உங்களில் பலருக்கு அவளைத் தெரியும். கம்பெனி பஸ்ஸில் கழுத்தில் அடையாள அட்டையோடு போகிற தேசம்மாவைச் சிலருக்குத் தெரியும். ஷிப்ட் முடிந்து வந்து அதே அட்டையோடு புல் அறுக்கிற தேசம்மாவைச் சிலருக்குத் தெரியும். நாற்பத்து மூன்று வயது. என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவள். மாடு என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். எனக்குப் பாடம் ஏறியதோ இல்லையோ, அவளுக்குப் பொறுமை இருந்தது.

முதலில் ஒரு பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன். ஒருநாள் அவள் தவிட்டு மூட்டையோடு புத்தூரில் ஏறினாள். கூட்டம் அதிகம், எனக்குக் கோபமும் அதிகம். விசில் ஊதி, அவளை மூட்டையோடு நடுவழியில் இறக்கிவிட்டேன். ஓய்வுபெற்ற பிறகு ஏழு மாதச் சினைமாடு ஒன்றை வாங்கிக் கட்டிவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கண்டக்டரண்ணனா? இறங்கி வா, மூட்டை கீட்டை இன்னா கொணாந்துகீற?" என்று சிரித்தாள். அவ்வளவுதான். பிறகு ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

எங்கள் மாடு செவலை. வாங்கும்போதே இரண்டு லிட்டர் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. சினையாகவும் இருக்கிறது, பாலும் தருகிறது என்று எனக்கு ஏகப் பெருமை. வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். தேசம்மா வந்து மடியைத் தடவிப் பார்த்தாள். "நாளையிலேர்ந்து கறக்காத," என்றாள். பால் வருகிறதே என்றேன். "வரும். கேட்டா குடுக்கும், அதுக்கு இல்லன்னு சொல்லத் தெரியாது. உள்ள ஒண்ணு துன்னுகினு கீது, வெளியில நீ ஒண்ணு துன்ற. ரெண்டு மாசம் அதுகிட்ட ஒண்ணும் கேக்காம இரு." எனக்கு அதற்கு லேசில் மனசு வரவில்லை. சரோஜாதான் பால் குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை வருவாள். தரை சரிவாக இருக்கிறது, பின்பக்கம் பள்ளமாகக் கட்டாதே என்பாள். வைக்கோலைக் குறைக்காதே, தவிட்டைக் கொட்டாதே என்பாள். நான் வாஞ்சையாக மாட்டின் முகத்தைத் தடவிக்கொண்டு நிற்பேன். "மூஞ்சிய அப்பால பாரு. மொதல்ல அசை போடுதான்னு பாரு, அப்பறம் சாணியப் பாரு. மாடு நம்ம கிட்ட பேசுறது அந்த ரெண்டுலதான்," என்று அதட்டுவாள். முப்பது வருஷம் ஆயிரக்கணக்கானவர்களை அதட்டியவன், அவள் முன்னால் குனிந்து சாணி பார்க்கப் பழகிக்கொண்டேன்.

ஒரு காலையில் அவள் சரோஜாவைக் கூப்பிட்டாள். "அக்கா, எடது பக்கம் தீனிப்பை. வலது பக்கம்தான் கன்னுக்குட்டி. தண்ணி குடிச்ச ஒடனே இங்க கைய வெச்சிப் பாரு," என்று செவலையின் வலது விலாவுக்குக் கீழே சரோஜாவின் கையைப் பிடித்து வைத்தாள். சரோஜா அசையாமல் நின்றாள். திடீரென்று, "உதைக்குது," என்றாள். அவள் முகத்தை நான் அன்று பார்த்தேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. முப்பத்தைந்து வருஷ வாழ்க்கையில் கோயில், ஆஸ்பத்திரி எல்லாம் ஏறி இறங்கி, அந்தப் பேச்சையே நாங்கள் விட்டுப் பல வருஷமாகியிருந்தது. அன்று முதல் காலையில் எழுந்ததும் அவள் போய் நிற்கிற இடம் செவலையின் வலது பக்கம்தான்.

எட்டாம் மாதம் நடக்கும்போது சரோஜா என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "செவலைக்குச் சீமந்தம் பண்ணலாங்க." நான் சிரித்திருக்க வேண்டியவன். சிரிப்பு வரவில்லை. சரி என்றேன். அந்த வெள்ளிக்கிழமை தெருப்பெண்கள் எல்லாம் வந்தார்கள். கொம்புக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கழுத்தில் வளையல்களைக் கோத்துக் கட்டினார்கள். எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து வகை வந்தது. ஆளுக்கு ஒரு இலையாக மாட்டுக்கு ஊட்டினார்கள். செவலை எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரோஜா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தானும் இரண்டு கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு நின்றாள். தேசம்மாவுக்கு அன்று இரவு ஷிப்ட், பகலில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் நான் வழக்கம்போல ஒரு வாளி கஞ்சித் தண்ணீர் காட்டினேன். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. வயிறு நிறைந்திருக்கிறது என்று சந்தோஷமாக விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை செவலை எழுந்திருக்கவில்லை. இடது வயிறு உப்பியிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. சாணி தண்ணீராகப் போய்ப் புளித்த நாற்றம் அடித்தது. நான் ஓடிப்போய்க் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் நின்றேன். இரவு ஷிப்ட் முடிந்து இறங்கிய தேசம்மா, சாப்பாட்டுப் பையோடு நேராக என்னோடு வந்தாள். சாணியை விரலில் தொட்டு முகர்ந்தாள். மாட்டின் கழுத்தில் இருந்த வளையல்களைப் பார்த்தாள். மூலையில் கிடந்த வாழை இலைகளைப் பார்த்தாள். கடைசியாகச் சரோஜாவைப் பார்த்தாள். சரோஜா தன் வளையல் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். தேசம்மா அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"நேத்து கஞ்சி ஊத்துனது யாரு?"

"நான்தான். ஒரு வாளி. அதுகூட..."

"ஒரு வாளியாம். சொன்னா கேக்குறியாண்ணா நீ? சினைமாட்டுக்கு இப்டியா கஞ்சிய ஊத்துவாங்க?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

பிறகு வேலையில் இறங்கினாள். மாட்டைப் பக்கவாட்டில் சாயவிடாமல் நெஞ்சு ஊன்ற உட்காரவைத்து, இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை முட்டுக்கொடுத்தாள். சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்து, தலையை ரொம்பத் தூக்காமல், புரை ஏறாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். மாட்டு டாக்டருக்குப் போன் போட்டாள். மதியம் டாக்டர் வந்து, என்ன போட்டீர்கள் என்று தெலுங்கில் கேட்டார். சரோஜா வாயைத் திறப்பதற்குள் தேசம்மா முந்திக்கொண்டு, அண்ணன் ஊற்றிய கஞ்சி அதிகமாகிவிட்டது என்று தெலுங்கில் பதில் சொன்னாள். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஊசி போட்டு, பாட்டில் ஏற்றிவிட்டு, "மாடு பொழைக்கும். கன்னு விஷயம் நாளைக்குத்தான் சொல்ல முடியும்," என்றார்.

அன்று பகல் முழுவதும் செவலையின் வலது பக்கத்தில் ஒரு அசைவும் இல்லை. சரோஜா கையை வைப்பாள், எடுப்பாள், மறுபடி வைப்பாள். தேசம்மா இரவெல்லாம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வந்தவள், தூங்கப் போகாமல் எங்கள் தொழுவத்திலேயே சாணத்தரையில் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, அது தூங்குது. நீ எழுப்பிக்கினே இருந்தா எப்டி?" என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். பொழுது சாயும்போது மாடு ஏப்பம் விட்டது, உப்பிய வயிறு இறங்கத் தொடங்கியது. தேசம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் பார்த்தேன். மறுநாள் விடிந்து செவலை எழுந்து நின்று அசைபோட்டது. ஒரு வாய் தண்ணீர் குடித்தது. சரோஜா கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். உள்ளே உதைத்தது என்பது அவள் அழுததிலிருந்துதான் எங்களுக்குத் தெரிந்தது.

பால் சென்டரில் எனக்கு நடந்த மரியாதையை நீங்களே அறிவீர்கள். "என்ன கண்டக்டரே, ஓவர்லோடு ஏத்திட்டீங்களாமே" என்று கேட்காதவர் யாருமில்லை. சோறு ஊட்டிய பெண்களே வந்து எனக்குப் புத்தி சொன்னார்கள். பத்து நாள் பொறுத்தேன். பிறகு தேசம்மாவிடம் போய்ச் சண்டைக்கு நின்றேன். மாடு குடிக்கவே குடிக்காத ஒரு வாளி கஞ்சியால் அப்படி ஆகாது என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

அவள் புல் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. "தெரியும். சோறுதான். ஆனா உன்ன ரெண்டு மாசம் கேலி பண்ணுவாங்க, மறந்துடுவாங்க. அக்காவுக்குத் தெரிஞ்சா சாவுற வரிக்கும் அது உள்ள கெடக்கும். தன் கையாலயே ஊட்டிச்சேண்ணா அது." அப்புறம் அருவாளை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீதானேண்ணா தாங்கிக்கணும். வேற யாரு மேல போடுவேன் நானு?" என்றாள். அக்காவிடம் மட்டும் மூச்சு விடாதே என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

செவலை கன்று போட்டது ஒரு நண்பகலில். தேசம்மா கம்பெனியில் இருந்தாள். அப்போது அவளுக்குச் சாப்பாட்டு நேரம் என்பதால் போனில் முகம் காட்டிப் பேசினாள். இரண்டு கால் நுனியும் மூக்கும் தெரிகிறது என்றேன். "இழுக்காதண்ணா. கைய முதுவுக்குப் பின்னால கட்டிக்கினு நில்லு. அக்கா கிட்ட போனக் குடு." நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கால்மணி நேரத்தில் கிடாரிக்கன்று தானாகவே வந்து விழுந்தது. செவலை நக்க ஆரம்பித்ததும் போனில் இருந்த தேசம்மா, "போதும், நான் துன்னப் போறேன்," என்று வைத்துவிட்டாள்.

அந்தக் கன்றுக்கு இப்போது மூன்று வயது. மூன்று வருஷமும் நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். போன வாரம் தேசம்மாவின் காரியம் முடிந்து நானும் சரோஜாவும் நடந்து திரும்பிக்கொண்டிருந்தோம். சரோஜா நின்றாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்குச் செவலைக்கு ஆனது நாங்க ஊட்டுன சோத்தாலதான். எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றாள். அவளே தொடர்ந்தாள். "கன்னு பொறந்தப்புறம் தேசம்மா கிட்ட போயி அழுதேன். அவர் மேல பழி கெடக்குதே, ஊருக்குச் சொல்லிடறேன்னேன். வேணாங்கா, அண்ணன் உனக்காகத் தாங்கிக்கினு கீறாரு, அதுல அவருக்கு ஒரு சந்தோசம் கீது, கெடுக்காத, உனுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேணாம்னு சொன்னா. எங்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கினா."

நடுரோட்டில் இரண்டு பேரும் நின்று சிரித்தோம், அழுதோம். மூன்று வருஷம் ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறோம். இரண்டு பக்கத்து ரகசியத்தின் சாவியையும் தேசம்மா தன் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள்போல எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அன்று சோறு கொண்டுவந்த பெண்கள் இதைப் படித்தால் வருத்தப்பட வேண்டாம். நீங்கள் ஆசையாகத்தான் கொண்டுவந்தீர்கள், மாடும் பிழைத்துவிட்டது. தேசம்மா எனக்கு மாடு வளர்க்கக் கற்றுக்கொடுத்தாள் என்று ஊரில் சொல்கிறார்கள். கற்றதை இப்போது அவளுடைய இரண்டு மாடுகளுக்கும் செய்துவருகிறோம். மணி வேலைக்குப் போய்த் திரும்பும்வரை அவை எங்கள் பொறுப்பு. ஆனால் அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவள் என் மேல் போட்ட அந்தப் பழியைத்தான். இதைப் படித்த பிறகும் யாராவது வந்து கேட்டால், கஞ்சி ஊற்றியது நான்தான் என்று சொல்வேன். சரோஜா பக்கத்தில் நின்று, ஆமாம், அவர்தான் என்பாள்.